பழைய ஜீப்பு வண்டியும் அதனை உடையவன் கடமையும்

பெருஞ்செலவு பிடிக்கும் காரியத்தை "யானையைக் கட்டித் தீனி போடுவது போல" என்று நம்மவர் சொல்வதுண்டு. பழைய ஜீப்பு வண்டியொன்றை வாங்கி வைத்துக்கொள்ளுதலும் அத்தகைய காரியமே. நமது கலாசாலையை விட்டு நீங்கிய பழைய மாணவரிற் சிலரும், இன்று வகுப்பிலிருக்கும் வாலிபரிற் பலரும், ஐம்பது அறுபது வருஷம் சென்ற ஜீப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்குப் பச்சை வர்ணம் தீட்டி, அதிலேறி மலைப் பிரதேசங்களிற் சுற்றிவரவேண்டுமென்னும் ஆசையுடையவராயிருக்கக் காண்கிறேன். இது தக்கதோ, தகாததோ என்று என்னை வினவுவாருமுளர். ஒன்பது வருஷ காலமாக அவ்வித வண்டியொன்றை வைத்துக்கொண்டு, அதனால் இன்பமும் துன்பமும் ஒருங்கே அநுபவித்தவனாதலின், என் அபிப்பிராயத்தை இப்பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இவ்வண்டி பிறந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1940-ஆம் வருஷத்தில், ஐரோப்பாவில் யுத்தம் மூண்டிருந்த சமயத்தில், அமெரிக்க ராணுவத்தார் நான்கு சக்கரங்களாலும் இழுக்கக்கூடிய சிறு வண்டியொன்று தேவையென்று 135 கம்பெனிகளுக்கு எழுதினர். மாதிரி வண்டியை 49 நாட்களுக்குள் ஒப்புவிக்க வேண்டுமென்பது நிபந்தனை. அமெரிக்கன் பாண்டம் என்னும் சிறிய கம்பெனிக்காகக் கார்ல் பிராப்ஸ்ட் என்னும் நிபுணர் அதனை வரைந்தார். அவ்வருஷம் செப்டம்பர் 23-ஆம் தேதி மாதிரி வண்டி குறித்த காலத்திற்குள் ராணுவ முகாமை அடைந்தது. ஆயினும் பெருந்தொகையாகச் செய்யும் பேறு பாண்டம் கம்பெனிக்கு வாய்க்கவில்லை. வில்லிஸ் ஓவர்லாண்டு, போர்டு என்னும் பெரிய கம்பெனிகள் இரண்டுமே யுத்தம் முடியுமட்டும் ஆறு லக்ஷத்திற்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து அனுப்பின. ராணுவக் கணக்கில் இதற்குக் "கால் டன் லாரி" என்பது பெயர். 60 குதிரைச் சக்தியுள்ள நாலு சிலிண்டர் இஞ்சினும், ஏறத்தாழ 1,100 கிலோ எடையும் உடைய இச்சிறு வண்டி, பாலைவனத்திலும் சேற்றிலும் ஒரேவிதமாகச் சென்றது.

நம் தேசத்தில் 1945-ஆம் வருஷத்தில் மஹீந்திரா சகோதரரும் குலாம் முகம்மது என்பவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியானது, தேசப் பிரிவினைக்குப்பின் 1948-இல் மஹீந்திரா அண்டு மஹீந்திரா எனப் பெயர் மாறி, வில்லிஸ் ஜீப்புகளை இங்கேயே பூட்டித் தரலாயிற்று. அவ்வினத்து வண்டிகள் பின்னர்ப் பல வருஷங்கள் வனக் காவலரையும், வைத்தியரையும், காப்பித் தோட்டத்தாரையும் மலைமேல் ஏற்றிச் சென்றன. இன்றும் தேனி ஜில்லாவைச் சேர்ந்த கொழுக்குமலைக்குச் சூரியநெல்லிப் பக்கமிருந்து ஏறுவோர் ஜீப்பையே நம்பி ஏறுகின்றனர். அங்கேயுள்ள கற்பாதையிற் சாதாரணக் காரைக் கொண்டுசெல்லத் துணிபவன் அதனைத் திரும்பக் கொண்டுவருவது சந்தேகமே.

இனி இவ்வண்டியின் குணவிசேஷங்களைச் சொல்லுவேன். மனிதருக்குப்போல யந்திரத்திற்கும் குணமுண்டோ என்று நகைப்பவர், ஒரு பழைய ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கக்கடவர். யுத்தகாலத்து ஜீப்புகளில் இடப்பக்கத்துச் சக்கரங்களின் திருகாணிகளுக்கு மரை தலைகீழாக இருக்கும். சக்கரம் சுழலும் வேகத்தில் அவை தாமே தளர்ந்துவிடாதபடி செய்யப்பட்ட ஏற்பாடு இது. உலகத்துத் திருகாணிகளெல்லாம் ஒரு திசையிற் கழல, இவை மட்டும் மறுதிசையிற் கழலும். இதனையறியாத என் ஸ்நேகிதர் ஒருவர், ஸ்பானரின்மேல் ஏறி நின்று தம் பலமெல்லாம் காட்டி, ஆணியை இரண்டாக முறித்தெடுத்தார். பலம் குறைந்ததனாலன்று, அறிவு குறைந்ததனாலேயே அவ்வாணி முறிந்தது.

பெட்ரோல் தொட்டி சாரதியின் ஆசனத்தின் கீழேயே அமைந்திருக்கும். ராணுவ வண்டியிற் பெட்ரோல் ஊற்றுவதற்குச் சாரதி எழுந்திருக்கவே வேண்டும். கைப்பிரேக்கு சக்கரங்களைப் பிடிப்பதன்று. பின் ஆக்ஸிலுக்குச் செல்லும் நீண்ட தண்டைப் பிடிப்பது. முதற் கியர் பிற கியர்களைப்போல இணக்கமுடையதன்று. ஓடும்போது அதில் இறங்க விரும்புகிறவன் கிளட்சை ஒருமுறை மிதித்துக் கியரை விடுவித்து, இஞ்சினைச் சற்று விரைவாகச் சுழலச் செய்து, மறுபடியும் கிளட்சை மிதித்துப் பற்களைச் சேர்க்கவேண்டும். இப்பயிற்சியில்லாதவனுக்கு அது பல்லைக் கடித்து விடையளிக்கும்.

கோடைகாலத்தில் மற்றொரு வேடிக்கையுண்டு. வெயிலேறிய நேரத்தில் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று இருமித் தும்மி நின்றுவிடும். தொட்டியிற் பெட்ரோல் இருக்கும், மின்பொறியும் இருக்கும். இஞ்சினுக்கருகிலுள்ள குழாயும் பம்பும் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாய் மாறி, பம்பு திரவத்தை இழுக்கமாட்டாமல் திகைப்பதே அதன் காரணம். விஷயமறியாதவன் கார்புரேட்டரைப் பிரித்துப்போட்டுப் பொழுதைப் போக்குவான். அறிந்தவனோ நனைந்த துணியொன்றைப் பம்பின்மேற் சுற்றிவிட்டு, மரநிழலிற் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பான். வண்டி தானே புறப்படும்.

நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி செய்யும் நெம்புகோலைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் செல்லவேண்டியவை. அந்நெம்புகோலை இட்டவுடன் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுவிடும். சேற்றிலும் மணலிலும் சக்கரங்கள் சற்று வழுக்கி இவ்வேற்றத்தாழ்வைத் தீர்த்துக்கொள்ளும். உலர்ந்த தார் ரஸ்தாவிலோ வழுக்க வழியில்லாமையால் தண்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்கேறி வருந்தும். ஆதலின் "எப்போதும் நான்கு சக்கரத்தில் ஓட்டுகிறேன்" என்று பெருமை பேசுகிறவன் தன் வண்டியைத் தானே கொல்லுகிறவனாவான். ஆற்றைக் கடந்து கரையேறியபின் பிரேக்குகளுக்குள் நீர் புகுந்திருக்குமாதலால், சிறிது தூரம் பிரேக்கை மெல்ல மிதித்தபடியே சென்று அவற்றை உலர்த்தவேண்டும் என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

மேற்சொன்னவற்றைக் குற்றங்கள் என்பர் சிலர். அழகுகள் என்பர் வேறு சிலர். இரண்டும் தவறென்பது என் கருத்து. அவை காரணங்களையுடைய ஏற்பாடுகள். ஒவ்வொன்றின் காரணத்தையும் வினவி அறிந்துகொள்பவனுக்குப் பழைய ஜீப்பு ஒரு பாடசாலையாகும். இக்காலத்துப் புதிய மோட்டார்களின் மூடியைத் திறந்தால் மற்றொரு மூடியே தென்படுகிறது. ஜீப்பின் மூடியைத் திறந்தால் இஞ்சினுக்கும் தகட்டுக்கும் இடையே நிலம் தெரிகிறது. எந்தக் குழாய் எங்கிருந்து எங்கே செல்கிறதென்பதைச் சிறுவனும் விரல்விட்டுக் காட்டலாம். வெப்பநூலும் விசைநூலும் புத்தகத்திற் படித்து மறந்த எனக்கு, அவை மெய்யென்று விளங்கியது அம்மூடியின் கீழேதான்.

இவ்வளவும் புகழ்ச்சியாயிற்று. இனி நான் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளவேண்டிய ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன்.

நான் வண்டி வாங்கிய இரண்டாம் வருஷத்தில், திண்டுக்கல்லில் அதனைப் பார்த்துவந்த முதிய மெக்கானிக்கு ஒருவர், பின்பக்கத்துச் சக்கரமொன்றின் உட்புறத்தில் ஈரம் கசிந்திருப்பதை எனக்குக் காட்டினார். "தம்பி, இது பிரேக்கு எண்ணெய். உள்ளேயிருக்கும் ரப்பர் செத்துப்போய்விட்டது. நான்கு சக்கரத்திற்கும் மாற்றிவிடுங்கள்" என்றார். "ஆகட்டும், பாய்; அடுத்த மாதம் பார்ப்போம்" என்றேன் நான். அம்மாதம் என்னிடம் பணமில்லாமலில்லை. ஆனால் அதனை வண்டிக்குப் புது வர்ணம் பூசுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். வர்ணம் பூசப்பட்டது. மூடியின்மேல் வெள்ளை நட்சத்திரமொன்றும் எழுதுவித்தேன். பார்த்தவரெல்லாம் புகழ்ந்தனர்.

மூன்று வாரம் கழித்து, என் அக்காளையும் அவளுடைய எட்டு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குச் சென்றேன். அம்மலைப் பாதையில் 18 கொண்டையூசி வளைவுகள் உண்டு. திரும்பி இறங்கும்போது, சில வளைவுகள் கடந்தபின், என் காலின் கீழிருந்த பிரேக்கு மிதி, நீரில் அமிழும் கல்லைப்போலத் தரைமட்டும் சென்றுவிட்டது. மீண்டும் மீண்டும் மிதித்தேன், பயனில்லை. அக்காலத்து மோட்டார்களிற் பெரும்பாலானவற்றைப்போலவே என் வண்டிக்கும் நான்கு சக்கரத்திற்கும் எண்ணெய் செல்லும் வழி ஒன்றே. ஓரிடத்தில் உடைந்தால் நான்கும் செயலற்றுப்போம். இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்த வண்டி வேகம் கொள்ளத் தொடங்கிற்று. பாதி வேகத்தில் இழுக்கும் தாழ்ந்த கியருக்கு மாற்றும் நெம்புகோல் ஒன்றுண்டு. மலையிறங்குமுன் அதனையிட்டிருந்தால் இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தியிருக்கும். ஓடும் வண்டியில் அதனை இட முடியாது. கிளட்சை இருமுறை மிதித்து எப்படியோ முதற் கியரில் தள்ளினேன். கைப்பிரேக்கை இழுத்தேன். அடுத்த வளைவிற்குமுன் மலைப்பக்கத்துச் சாக்கடையிற் சக்கரத்தை இறக்கி, மண்கரையோடு உராயவிட்டேன். வண்டி நின்றது. மறுபுறம் பள்ளத்தாக்கு.

"மாமா, ஏன் இங்கே நிறுத்திவிட்டீர்கள்?" என்று குழந்தை கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. என் அக்காள் என்னைக் கடிந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. கீழே இறங்கி, மகளின் கையைப் பற்றிக்கொண்டு, பஸ் வரும்வரையில் ஓரத்திலே நின்றாள். பஸ்ஸில் ஏறிச் சென்றுவிட்டாள். அந்த மௌனத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் கசிந்த சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்கு, "தம்பி, வண்டி உங்களுக்கு மூன்று வாரத்திற்கு முன்பே கடிதம் போட்டதே; நீங்கள்தாம் பிரித்துப் படிக்கவில்லை" என்றார். குற்றம் வண்டியினுடையதன்று, அதனைச் செய்தவருடையதன்று, செப்பனிட்டவருடையதுமன்று. பிரேக்கிற்குரிய பணத்தை நட்சத்திரத்திற்குச் செலவிட்ட என்னுடையதே.

இதிலிருந்தே என் அபிப்பிராயம் பிறந்தது. பழைய வண்டியை வைத்திருப்பவனுக்கு முதற் கடமை அவ்வண்டிக்கன்று. அதில் நம்பியேறுகிறவருக்கும், எதிரே நடந்து வருகிறவருக்குமே. இக்கடமையை மறைக்கும் இரண்டு கொள்கைகள் இக்காலத்திலே வழங்குகின்றன.

முதற் கொள்கை, "பழையது எள்ளளவும் மாறாமல் இருத்தல்வேண்டும்" என்பது. இக்கூட்டத்தார் 1940-களில் இருந்த திருகாணியையே தேடி மூன்று ஜில்லா அலைவர். அவர்களுடைய பொறுமையை நான் மெச்சுகிறேன். ஆயினும் ஒற்றை வழிப் பிரேக்கை அப்படியே வைத்திருப்பதும், ஆசனப் பட்டை வேண்டாமென்பதும் பக்தியன்று. பிறர் உயிரை வைத்து விளையாடுதலாம். முன் சக்கரத்திற்கு ஒரு வழியும் பின் சக்கரத்திற்கு ஒரு வழியுமாகப் பிரித்த பிரேக்கு உருளையைப் பழைய ஜீப்பிலும் பூட்டலாம். ஒன்று தவறினாலும் மற்றொன்று காக்கும். இதனாற் சரித்திரம் கெட்டுப்போகிறதென்பாருக்கு நான் சொல்லும் விடை இது: அச்சரித்திரத்தைச் செய்த ராணுவத்தாரே, தங்களுக்கு நல்லதொன்று கிடைத்தபோதெல்லாம் பழையதைக் கழற்றி எறிந்தவர்கள். 1940-இல் ஒப்புவித்த மாதிரியும் 1945-இல் செய்த வண்டியும் ஒன்றல்ல.

சர்க்கார் விதியும் இதற்குத் தடையாயிருப்பதாகத் தோன்றவில்லை. 2021-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் வெளியிட்ட விதிகளின்படி, முதற் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்த வண்டிகளைப் புராதன வண்டிகளாகத் தனியே பதிவு செய்துகொள்ளலாம். சட்டகத்தையும், உடற்கூட்டையும், இஞ்சினையும் பெரிதும் மாற்றியிருத்தலாகாது என்பது அங்கே கண்ட நிபந்தனை. பிரேக்கைச் சீர்திருத்தலாகாது என்று அதிற் சொல்லப்படவில்லை. அவ்வாறு பதிவு செய்த வண்டியைத் தினசரி உபயோகத்திற்கோ கூலிக்கோ ஓட்டலாகாதென்பதையும் வாங்க விரும்புவோர் முன்னரே அறிந்துகொள்வது நலம்.

இரண்டாங் கொள்கை, "பழையதெல்லாம் குப்பை, உருக்கிவிடுக" என்பது. இதிலும் ஓரளவு நியாயமுண்டு. என் ஜீப்பு கக்கும் புகை புதிய வண்டியின் புகையைவிடக் கெட்டதென்பதை நான் மறுக்கேன். ஆகையால் அதனைக் கடைத்தெருவிற்குக் காய்கறி வாங்கவும், மழைக்காக ஒதுங்கவும் நான் எடுப்பதில்லை. மாதத்தில் இரண்டொரு நாள், அதற்குரிய பாதையில், அதற்குரிய வேலைக்கே எடுக்கிறேன். ஆயினும், செப்பனிட்டு உபயோகிக்கக்கூடிய ஒன்றை உருக்கிவிட்டுப் புதியதொன்றைச் செய்வதற்கும் இரும்பும் நிலக்கரியும் மின்சாரமும் வேண்டுமென்பதை அவர்கள் கணக்கில் வைக்கிறார்களில்லை. அதனோடு உருகிப்போவது இரும்பு மட்டுமன்று. ஸ்டீரிங்கு ஆட்டம் கண்டால் அச்சாணித் தேய்மானமோ, நடுவிலுள்ள திருப்பு நெம்பின் தேய்மானமோ என்று கையாற் பற்றியே சொல்லக்கூடிய முதியவர்கள் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வித்தை எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. கேட்பாரில்லாவிட்டால் அவர்களோடு அது மறையும்.

எனவே, பழைய ஜீப்பு வாங்க நினைக்கும் வாலிப நண்பர்களுக்கு நான் சொல்லுவது இது. வாங்குங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் வாங்கும் விலைக்கு ஈடான மற்றொரு தொகை கையிலிருந்தாலன்றி வாங்காதீர்கள். அத்தொகையை முதலிற் பிரேக்கிற்கும், அடுத்து ஸ்டீரிங்கிற்கும், பின்னர் டயர்களுக்கும், மின்கம்பிகளுக்கும் செலவிடுங்கள். வர்ணம் கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் குற்றமில்லை. துருப்பிடித்த ஜீப்பைக் கண்டு நகைப்பார் நகைக்கட்டும். ஒரு வருஷ காலம் உங்கள் கைகளிற் கருமை படியும்படி பட்டறையில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் எந்தப் பாகத்தை நீங்களே கழற்றிப் பூட்டியறியீர்களோ, அந்தப் பாகத்தை நம்பிப் பிறரை ஏற்றாதீர்கள்.

நமது கலாசாலையாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பௌதிக சாஸ்திர வகுப்பின் அருகே ஒரு சிறு கொட்டகையில், பழைய ஜீப்பு இஞ்சின் ஒன்றையும் அதன் கியர்ப் பெட்டியையும் குறுக்கே அறுத்து உட்புறம் தெரியும்படி வைத்தல் பெருஞ்செலவான காரியமன்று. வருஷத்தில் சில தினங்கள் நம் ஊர்ப் பட்டறை முதியவர் ஒருவரை வருவித்து, ஆசிரியருக்குரிய மரியாதையுடன் நாற்காலியிட்டு அமர்த்தி, அவர் சொல்லுவதை மாணவர்கள் எழுதிக்கொள்ளுமாறு செய்யலாம். பட்டம் பெற்றவர் பட்டறைக்காரரிடம் பாடங்கேட்பது இழிவன்று. அவ்வாறு கேளாதிருந்தமையாலேயே நான் மலைப்பாதையில் அவமானப்பட்டேன்.

இப்பொழுது என் வண்டியின் வர்ணம் வெளுத்துவிட்டது. நட்சத்திரமும் பாதி உதிர்ந்துபோயிற்று. பிரேக்கு இரு வழியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதத்திற்கொருமுறை நான்கு சக்கரங்களையும் நானே கழற்றி, உட்புறத்தை உலர்ந்த துணியாற் துடைத்துப் பார்க்கிறேன். என் அக்காள் அவ்வண்டியில் மறுபடியும் ஏறுவதற்கு நான்கு வருஷம் சென்றது. ஏறுமுன் அவள், "தம்பி, பார்த்துவிட்டாயா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். "பார்த்துவிட்டேன், அக்கா" என்று உண்மையாகவே சொல்லக்கூடியவனாயிருந்தேன். பழைய வண்டியை உடையவன் எவனும் அக்கேள்விக்கு அவ்விடையைச் சொல்லக்கூடுமாயின், அவன் அதனை வைத்துக்கொள்ளத் தக்கவன். சொல்லக்கூடாதாயின், அது எத்துணை அழகுடையதாயினும், கொட்டகையிலே நிற்கட்டும்.